கை தட்டாத வகுப்பு

பிள்ளைகளின் கைகள் பாதி வழியில் நின்றன.

மிதிவெடிப் பாடம் சொல்ல வந்தவள்தான் நிறுத்தினாள். தன் கையை உயர்த்தி, கொஞ்சம் அவசரமாகவே.

மூன்றாவது வாங்கு வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மதுசிகா. ஒன்பது வயதிருக்கும். ரோட்டோரக் காணியில் மிதிவெடி ஒன்றைக் கண்டாளாம். தொடவில்லையாம். கிட்டப் போகவில்லையாம். தன் காலடியைப் பார்த்துப் பார்த்து, வந்த வழியே திரும்பினாளாம்.

சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள்.

சரியான விடை சொன்னால் அந்தப் பள்ளியில் வகுப்பே கை தட்டும். போர் முடிந்து கொட்டகையில் நடக்கும் பள்ளி. கொடுக்க வேறு பரிசு எது? மதுசிகா அதற்காகத்தான் முகமெல்லாம் மலர்ந்து நின்றாள்.

"சரி, இரு பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னாள்.

சிறுமி உட்கார்ந்தாள். தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மதுசிகாவின் முகத்தைப் பார்க்க, நிறுத்தியவளுக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் சிரிக்கவில்லை.

மிதிவெடியே உலகத்தில் கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் அவள். பள்ளி பள்ளியாகப் படங்களையும் மரத்தில் செய்த மாதிரிகளையும் சுமந்து திரிகிறவள். பிள்ளைகளுக்கு அவளும் ஒரு ரீச்சர்தான்.

போன ஆனியில், பக்கத்து ஊரில், டிலானி என்று ஒருத்தி இதேபோல வந்து சொன்னாள். ரீச்சர் அவளை மேடையில் ஏற்றி, பள்ளி முழுவதையும் கை தட்ட வைத்தாள். டிலானியை விட ரீச்சருக்குத்தான் பூரிப்பு. தொண்டை வற்றக் கத்தியது வீண்போகவில்லையே.

அடுத்த கிழமை டிலானியின் சிநேகிதி ஒருத்தி, மிதிவெடி இருக்கென்று கயிறு கட்டிய காணிக்குள் போனாள்.

வழி தவறிப் போகவில்லை. தேடிப் போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பிள்ளையின் தாய் ரீச்சரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

"உங்களுக்குக் காட்டத்தான் ரீச்சர் போனவள்," என்றாள்.

பிள்ளை பிழைக்கவில்லை.

டிலானியைத் தனியே கூப்பிட்டு, காதோடு ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இதைத்தான் அவள் நாளுக்குப் பத்துத் தரம் நினைக்கிறாள். நினைத்து என்ன ஆகப்போகிறது.

பின்னேரம் மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்தார்கள்.

மதுசிகா ரோட்டை விட்டு இறங்காமல் விரலை நீட்டிக் காட்டினாள். பாலை மரத்தடி. ஒருவர் கருவியால் நிலத்தைத் தடவித் தடவிப் போனார். நின்றார். கையை உயர்த்தினார்.

இருந்தது.

மழை மண்ணை அரித்து, பச்சை விளிம்பு வெளியே தெரிந்தது. சிவப்புத் தலைத் தடியொன்றை நட்டார்கள்.

விறகுக்குப் போகிற யாரோ ஒருவருக்கு இனிக் கால் மிஞ்சும். அதைச் சிறுமியிடம் சொல்ல வேண்டும்போல் ரீச்சருக்கு இருந்தது. அவள் தலையைத் தடவ வேண்டும்போல் இருந்தது. ஆனால் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

வந்தவர்களின் பொறுப்பாளர் எழுதிக்கொள்ளக் கொப்பியைத் திறந்தார்.

"வேற எங்கயும் கண்டனியே பிள்ளை?"

மதுசிகாவின் கண்கள் ஒருமுறை குளக்கட்டுப் பக்கம் போய் வந்தன.

பிறகு ரீச்சரின் சிரிக்காத முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள்.