பெட்டிக்குள் ஓர் உபயம்

"கேபினெட் என்னோடது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் பட்டுக்கடை கலியாணசுந்தரம்.

கம்ப்யூட்டர் கடை ஜெபகுமார், ஒரு பக்கம் கண்ணாடி வைத்த அந்தக் காலிப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார். உள்ளே பச்சையும் சிவப்புமாக விளக்குகள் சுழன்றன.

"இதுல பேரு எங்க போடலாம்?"

"கண்ணாடி மேலயே ஒட்டிடலாம் சார். உபயம்னு போட்டு, கீழ கடை பேரு."

"ஏம்மா கீர்த்தி, நீ விளையாடுறப்போ கேமராவுல இந்தப் பக்கம் தெரியுமா?"

"தெரியற மாதிரி வெச்சிடறேன் அங்கிள்" என்றாள் கீர்த்தி.

டெம்போ ஓட்டும் குமரகுருவின் மகள் அவள். கல்லூரியில் மூன்றாம் வருடம். கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியில் மாநில இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள்; வீட்டிலிருந்தே ஆட வேண்டும், கேமரா வழியாக எல்லோரும் பார்ப்பார்கள். ஜெயித்தால் மாதச் சம்பளத்தோடு அணியில் சேர்த்துக்கொள்ள சென்னைக் கம்பெனி ஒன்று காத்திருந்தது. அரையிறுதியில் ஜெயித்த கையோடு அவளுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்து அடங்கிவிட்டது.

டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் பாதிப் பாகங்களை அவளே வாங்கிவிட்டாள். மீதியைத் தெரு நலச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆளுக்கு ஒரு பாகம் என்று ஏற்பாடு.

"மானிட்டர் நான்" என்றார் கலாவதி. "கீழ பட்டையா இருக்குதே, அதுல 'கலாவதி பியூட்டி பார்லர்'னு போடணும். போன் நம்பரோட."

"ஆன்ட்டி, மானிட்டர் என்னைப் பாத்துக்கினு இல்ல இருக்கும்? கேமராவுல தெரியாதே."

கலாவதி யோசித்தார். "அப்ப நீ காதுல மாட்டிக்கிற ஹெட்போன்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்க."

சங்கச் செயலாளர் தேவேந்திரன் ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பெண் முன்னுக்கு வர உதவுகிறோமா, அவளைச் சுவராக்கி விளம்பரம் எழுதுகிறோமா? இந்த மனுஷர்களோடு தனக்கு என்ன வேலை என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி. பவர் சப்ளை" என்று ஜெபகுமார் செங்கல் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "மொத்தத்துக்கும் கரண்ட் இதுலருந்துதான் போவணும். போன தடவை மட்டமானதைப் போட்டுத்தான் எல்லாம் புகைஞ்சுது. ஆட்டத்து நடுவுல இது போச்சுன்னா, பொண்ணு அவுட்."

"இது எங்க உக்காரும்?" என்றார் கலியாணசுந்தரம்.

"அடியில சார். மேல தகடு போட்டு மூடிடுவோம்."

"கண்ணாடி வழியா?"

"தெரியாது சார்."

கலியாணசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலாவதிக்குத் திடீரென்று ஒரு போன் பேச வேண்டியிருந்தது.

"முந்தானைக்குத்தாம்பா ஜரிகை. உள்ள சொருவிக்கிற பக்கத்துக்கு யாராவது ஜரிகை போடுவாங்களா?" என்றார் கலியாணசுந்தரம். "அதுக்கு ஏதாவது மலிவா ஒண்ணு போட்டுக்கலாமே."

"ஐயோ, மலிவு வேணாம் அங்கிள்! அதை வெச்சிக்கினு பயந்து பயந்து நான் எப்படி ஆடறது?" கீர்த்திக்குக் குரல் உடைந்தது.

தேவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"கோயில் மண்டபத்துக்கு மின்விசிறி குடுத்தீங்க. மூணு றெக்கையிலயும் பேரு. சுத்தினா படிக்க முடியலைன்னு அதை நிறுத்தியே வெச்சிருக்கீங்க. சனம் கீழ வேர்த்துக்கினு உக்காந்திருக்குது. இதுக்குப் பேரு தர்மமா?"

கலியாணசுந்தரம் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார்.

"பவர் சப்ளை நான் தரேன். இருக்கறதுல நல்லதாப் போடு ஜெபகுமார். என் பேரு எங்கயும் வரக் கூடாது. ஒரு எழுத்துகூட."

"நீ மகான்பா. உன்னாண்ட நாங்க வர முடியுமா?" என்று முணுமுணுத்தபடி கலியாணசுந்தரம் படியிறங்கினார். கலாவதியும் பின்னாலேயே போய்விட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கீர்த்தியும் கிளம்பினாள்.

தேவேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார். டீக்கடை வரை அந்த நிமிர்வு இருந்தது. டீ பாதி இறங்கும்போது உள்ளே எதுவோ அரித்தது. நல்ல காரியம்தானே செய்தோம்? அப்புறம் ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது? ஒருவேளை, பவர் சப்ளையும் தான் கொடுத்ததுதான் என்று கலியாணசுந்தரம் சொல்லிக்கொண்டு திரிந்தால்?

மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

ஜெபகுமார் பாகங்களைப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். "என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?"

"அது வந்து... சின்னதா ஒரு ஸ்டிக்கர். 'உபயம் தேவேந்திரன், செயலாளர்'னு. அந்தப் பவர் சப்ளை மேலயே ஒட்டிடேன். தகடுதான் மூடிடுதே, யாருக்கும் தெரியப் போறதில்ல."

ஜெபகுமார் மறுபேச்சில்லாமல் அடித்து ஒட்டினார். தகட்டை வைத்துத் திருகாணியை முடுக்கினார். பெயர் மறைந்தது.

தேவேந்திரன் நகரவில்லை.

"இதை எப்பப்பா திறப்பாங்க?"

"இதையா? எதுக்கு சார் திறக்கணும்? நீங்க குடுத்தது அசல் சரக்கு. பத்து வருஷத்துக்கு இது பக்கமே போவ வேணாம்."

தேவேந்திரனின் முகம் வாடிவிட்டது. "நடுவுல ஒரே ஒரு தடவை... சின்னதா ரிப்பேர் ஆகாதாப்பா?"