சங்கு அலறியபோது

கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன் பயணிகளுக்கு உயிர்காப்புப் பயிற்சி நடக்க வேண்டும். அவர்களை அழைக்க, மேல்தளத்தில் இருந்த அபாயச் சங்கு தொண்டையைச் செருமியது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே," என்றது பக்கத்திலிருந்த ஒலிபெருக்கி. "எல்லாரும் இப்பத்தான் ஆட ஆரம்பிச்சிருக்காங்க. நீங்க கத்தினா கொண்டாட்டமே கெட்டுடும். பயிற்சியை நாளைக்குக் காலையில வச்சுக்கலாமே."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. நம்புங்க."

ஊர் வெறுப்பை வாங்கிக்கொள்ள சங்குக்கும் மனமில்லை. அடங்கிவிட்டது. பாட்டோடு கப்பல் புறப்பட்டது.

கரை மறைந்த சிறிது நேரத்தில் கப்பலின் அடிப்பக்கம் பாறையில் உரசிக் கிழிந்தது. சங்கு உயிர் போவதுபோல் அலறியது. பயணிகள் அந்தச் சத்தத்துக்கும் கைகளை உயர்த்திக் குதித்தார்கள்.

"டேய், பாட்டை நிறுத்துடா!" என்று கெஞ்சியது சங்கு.

ஒலிபெருக்கி பதறிப்போய் நிறுத்தியது. இப்போது சங்கின் அலறல் மட்டும்தான் கேட்டது. தளம் மெல்ல ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

கூட்டம் சங்கின் பக்கம் திரும்பிக் கைதட்டியது.

"இதுதான் சூப்பர்! இன்னும் சத்தமா!"