கடைசி வீட்டுக் குழாய்

"இந்த அம்மா எம்.எல்.ஏ. ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு தம்பி. இன்னி வரைக்கும் என் வீட்டுக் குழாய்ல காத்துதான் வருது!"

பன்னுக்குள் வடை வைத்து விற்கும் வடாபாவ் வண்டியருகே நின்றிருந்த பெரியவர் இப்படித் தமிழில் ஆரம்பித்ததும் ராம்கி திரும்பிப் பார்த்தான். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன; மராத்தி கேட்டால் புரியும் அளவுக்குப் பழகியிருந்தது. 2004 சட்டமன்றத் தேர்தல் நேரம். புனேவின் போபோடிப் பகுதியில் தெருமுனைக் கூட்டம் சாலையை அடைத்துவிட்டதால், பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றான். போனில் அவன் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுத்தான் பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"சார் தமிழா?"

"தங்கராஜ். ஃபேக்டரியில ஃபிட்டர், ரிட்டயர் ஆயாச்சு. அதோ மைக் பிடிச்சிருக்காங்களே, அவங்களும் தமிழ்தான். அந்தோணியம்மாள். இங்க எல்லாருக்கும் அந்தோணி தாயி. மராத்தியில தாயின்னா அக்கா."

நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்ட மேடையில், பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

"நம்ம ஊர்க்காரங்க இங்க எப்படி சார் எம்.எல்.ஏ.?"

"சும்மா ஆயிடலை. தொண்ணூத்திரெண்டு கார்ப்பரேஷன் தேர்தல்ல இந்த வார்டு பெண்களுக்குன்னு குலுக்கல்ல வந்துச்சு. குழாயடிச் சண்டையை எல்லாம் தீர்த்து வைக்கிறது இந்த அம்மாதான்னு பிடிச்சு நிறுத்தினாங்க. கவுன்சிலர் ஆனாங்க. தொண்ணூத்தொம்பதுல எம்.எல்.ஏ. கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான். அதுவும் எங்க மேட்டுத் தெரு போட்ட ஓட்டு. அந்தத் தெரு கைவிட்டா இந்தத் தடவை அவ்வளவுதான்."

"அந்தத் தெருவுக்கேவா தண்ணி தரலை?"

"இரு, கேட்கிறேன் பாரு." பெரியவர் கையை உயர்த்தி மராத்தியில் கத்தினார். "எம்.எல்.ஏ. அம்மா! கீழ்த் தெருவுக்கெல்லாம் புதுப் பைப் போட்டீங்க. மேட்டுத் தெருவுக்கு ஏன் போடலை? எங்க ஓட்டு மட்டும் இனிச்சுதா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. புதிதாக வந்த தொண்டன் ஒருவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாய்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தபடியே அவனைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க, அவர் கேட்கட்டும்," என்றார் அந்தோணியம்மாள்.

முன்வரிசையில் இருந்த மேட்டுத் தெருப் பெண் ஜமீலா சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "கேட்டது சரிதானே தாயி? டேங்கர் வர்ற அன்னிக்கு மேட்டுத் தெருப் பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போக முடியறதில்லை. கூலி போச்சு. இந்தத் தடவை நாங்க யோசிச்சுத்தான் ஓட்டுப் போடுவோம்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தோணியம்மாள் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஜமீலா, உங்களுக்கு வர்ற தண்ணி கம்மி. கீழ்த் தெருவுக்கு வந்தது அழுக்கு. ஏன் அழுக்கு? பழைய பைப், சாக்கடைக்குள்ளேயே போச்சு. தண்ணி விடுற நேரம் முடிஞ்சு கார்ப்பரேஷன் ஆள் சாவி போட்டு வால்வை மூடினதும் பைப் காலியாகும். காலியான பைப் சும்மா கிடக்காது. விரிசல் வழியா வெளியில இருக்கிறதை உள்ளே உறிஞ்சும். மறுநாள் திறந்ததும் முதல்ல குடத்துல விழறது அதுதான். குழந்தைங்களுக்கு மஞ்சக்காமாலை. இருந்த பணத்துல ஒரு வேலைதான் முடியும். தண்ணி கம்மியா வந்தா என்னைத் திட்டுவீங்க. அழுக்கா வந்தா ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. நான் திட்டு வாங்கிக்கலாம்னு முடிவு பண்ணேன்."

தங்கராஜ் ராம்கியின் விலாவில் இடித்தார். "கேட்டியா? ஒரு ஃபிட்டரால கூட இப்படிச் சொல்ல முடியாது!"

"நீங்க யார் பக்கம் சார்?"

பெரியவர் மேடைப் பக்கம் திரும்பி, "சரி, இனிமே?" என்று மறுபடி கத்தினார்.

"மேட்டு மேல ஒரு தொட்டி. பம்ப் வெச்சு ஏத்திட்டா, அங்கிருந்து தானா இறங்கி வரும். ஜெயிச்சா முதல் வேலை அது. தோத்தா, ஜெயிச்சவர் வீட்டு வாசல்ல போய் உட்கார்ந்து கேட்பேன்."

"கடைசி வீட்டுக்கு எப்ப வரும்?"

"கடைசியிலதான் வரும். நடுவுல இருக்கிற எல்லா வீட்டுலயும் வாளி நிறையணும். அதுவரைக்கும் கடைசி வீட்டுக்காரர் டேங்கர் வரிசையில நிக்கட்டும்!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. ஜமீலா பின்னால் திரும்பித் தன் தெருப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தலையசைத்தார்கள்.

"சரி தாயி. இன்னும் கொஞ்ச நாள் திட்டுறோம். ஓட்டும் போடுறோம்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. கூட்டம் கலைந்ததும், அந்தோணியம்மாள் கட்சி ஜீப்பைத் தொண்டர்களோடு அனுப்பிவிட்டு, நேராக வடாபாவ் வண்டியை நோக்கி வந்தார். பெரியவருக்கு நல்ல டோஸ் விழப்போகிறது என்று ராம்கி ஓர் அடி தள்ளி நின்றான்.

"கேட்டு முடிச்சாச்சா? போலாமா? பசிக்குது," என்றார் அவர், தமிழில்.

தங்கராஜ் மறுபேச்சில்லாமல் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். எம்.எல்.ஏ. பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"சார்... இவங்களை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

"எங்க வீட்டுக்குத்தான் தம்பி. மேட்டுத் தெரு, கடைசி வீடு," என்றார் தங்கராஜ், நெஞ்சை நிமிர்த்தி. "புருஷனாச்சேன்னு ஒரு குடம் முன்னாடி கொடுப்பாளா பாரு!"