பிச்சைமுத்து மூலிகை டானிக்

"நான் அப்பவே சொன்னேனா இல்லையாக்கா? இங்கிலீஷ் மருந்துன்னாலே விஷம்தான்லா."

ஈப்போவின் புந்தோங் பகுதியில் மூலிகைக் கடை வைத்திருக்கும் பிச்சைமுத்து, பெர்னடெட் நீட்டிய கைப்பேசியைப் பார்க்காமலே பேசினார். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஓர் இருமல் மருந்தில் கிருமி கலந்திருக்கலாம் என்று, கம்பெனியே அதைத் திரும்பப் பெறுவதாகக் காலையில் செய்தி வந்திருந்தது. அதற்குள் கடையில் நிற்க இடமில்லை.

பிச்சைமுத்து ஒரு போத்தலை உயரத் தூக்கிக் காட்டினார்.

"இது பீடோர் காட்டுல நானே பறிச்சு, நானே காய்ச்சினது. ஒரு சொட்டு கெமிக்கல் கெடையாது. இதுல கிருமி வருமா? சொல்லுங்க."

"வராதுண்ணே," என்றார் லோரி ஓட்டும் கனகராஜ். "ரெண்டு மூடி குடிச்சா இருமல் டக்குனு நிக்குது. தூக்கமும் அப்படி வருது."

"என் மகளுக்கும் இதுதான் கேட்டுச்சு. டாக்டர் குடுத்தத நிறுத்திட்டேன்," என்றாள் பெர்னடெட். "இன்னும் ரெண்டு போத்தல் குடுங்கண்ணே."

பிச்சைமுத்து இரண்டு போத்தல்களைப் பையில் போட்டார். அவர் அதை முடிச்சுப் போடும்போது பெர்னடெட் செய்தியின் மிச்சத்தை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"இங்க ஈப்போ கிளினிக்குங்களுக்குத்தான் நெறைய போயிருக்காம். சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க குடிச்சா காய்ச்சல் வந்து நுரையீரல் வரைக்கும் பாதிக்குமாம்."

பிச்சைமுத்துவின் கை நின்றது. பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஸ்டாக் ஹாபிஸ்க்கா, தீந்துபோச்சு."

"ரேக் நெறைய இருக்கேண்ணே?"

"அது வீரியம் போன சரக்கு. உங்க மக கடைசியா எப்பக் குடிச்சா?"

"காலையில."

"இனிமே குடுக்காதீங்க. வீட்டுல இருக்கிறத இப்பவே கொண்டாந்துருங்க, புதுசா காய்ச்சி சும்மாவே தாரேன். பிள்ளைக்கு உடம்பு சுட்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

"ஆஸ்பத்திரிக்கா?" கனகராஜ் குழம்பினார். "இப்பத்தானேண்ணே விஷம்னு சொன்னீங்க?"

"ரத்தம் மட்டும் பாக்கச் சொல்லுங்க. அதுல என்ன விஷம்?"

இரட்டை விலை தருவதாக இருவர் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். கைப்பேசியை எடுத்து, கடை வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "நம்ம டானிக் வாங்கினவங்க யாரும் குடிக்காதீங்க. எல்லாத்தையும் கடைக்கே கொண்டு வந்துருங்க."

மாலைக்குள் ஊரே போத்தல்களோடு வரிசையில் நின்றது. பெர்னடெட்டும் பாதி காலியான போத்தலோடு வந்தாள். அவளைக் கண்டதும் பிச்சைமுத்து மற்றவர்களை விலக்கிக்கொண்டு ஓடினார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கா?"

"இல்லண்ணே, நல்லா விளையாடுறா."

அவர் கண்களில் நீர் தளும்பியது.

"பாருங்க, ஒரு குழந்தைக்காக எப்படித் துடிக்கிறாருன்னு," என்றார் வரிசையில் நின்ற நவமணி. "வீரியம் கொஞ்சம் கொறஞ்சதுக்கே திரும்ப வாங்கிக்கிறாரு. அந்தக் கம்பெனிக்காரனுங்க இவருகிட்ட வந்து கத்துக்கணும்."

கனகராஜ் அவரைப் படம் எடுத்து, 'நம்ம ஊர் மனசாட்சி' என்று எழுதி முகநூலில் போட்டார். அடுத்த மாதக் கோயில் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவதாகவும் முடிவானது. பிச்சைமுத்து யார் முகத்தையும் பார்க்காமல் போத்தல்களை வாங்கி வாங்கி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி ஆள் போனதும் ஷட்டரை இறக்கினார். ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலிருக்கும் திமோத்தியைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, மாசாமாசம் பின்வாசல் வழியா எனக்குக் குடுக்கிறியே இருமல் மருந்து, அது அந்தக் கம்பெனியோடதா இல்லையான்னு பாத்துச் சொல்லு. எல்லாத்தையும் என் போத்தல்ல ஊத்தி வித்துட்டேன்யா."

"எதப் பாத்துண்ணே சொல்லுறது?" என்றான் திமோத்தி. "லேபிளக் கிழிச்சிட்டுத்தான் குடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"