செம்பி கேட்ட சேதி

புற்றுக்குள் அறை அறையாகப் போய்ச் சேதி விசாரிப்பதுதான் செம்பி எறும்பின் வேலை. "ஒரு நொய்யாவது தூக்கியிருக்கியா?" என்று மற்ற எறும்புகள் கேலி செய்யும்.

ஒருநாள், "கீழ்ச்சுவர் லேசாகக் கசியுது," என்றது மண் தோண்டும் எறும்பு. "மூலையில் தானியம் முளைவிடுது," என்றது கிடங்கு எறும்பு. இரண்டுமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்த செம்பிக்குப் பகீரென்றது. ராணியிடம் ஓடியது.

"அம்மா, தண்ணி ஏறுது! முட்டைகளை மேலே கொண்டுபோகச் சொல்லுங்க!"

கடைசி முட்டை மேடேறியதும் கீழறைகள் வெள்ளத்தில் கரைந்தன.

"கசிவைக் கண்டது நான்தான்," என்று நெஞ்சை நிமிர்த்தியது தோண்டும் எறும்பு.

"முளையைப் பார்த்தது நான்தான்," என்றது கிடங்கு எறும்பு.

ராணி செம்பியைப் பார்த்தது. "நீ?"

"ரெண்டு பேர்கிட்டயும் கேட்டது நான்தான் அம்மா," என்றது செம்பி, தலை நிமிர்ந்து.