ஞானமுத்து போட்ட துரு

ஞானமுத்து வீட்டு மேஜைமேல் ஒரு பொம்மை ரயில் பாதை இருந்தது. குன்று, குகை, ஸ்டேஷன் எல்லாம் அவர் கையால் செய்தவை. அதில் ஓடிய தகர என்ஜினுக்கு ஐப்பசி மழையில் விலாப் பக்கம் துரு பிடித்துவிட்டது. துருப்பிடித்ததெல்லாம் கட்டிலுக்கடியில் உள்ள கூடைக்குப் போவதை அது பார்த்திருக்கிறது.

"தம்பி, கொஞ்சம் நகர்ந்து நின்னு மறைச்சுக்கோ" என்று பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற புது ரயில் பெட்டியிடம் கெஞ்சியது.

அதற்குள் ஞானமுத்து பார்த்துவிட்டார். முகத்தைச் சுளித்தார். உப்புத்தாளை எடுத்துத் தேய் தேயென்று தேய்த்து, பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்தார். பிழைத்தோம் என்று என்ஜின் மூச்சு விட்டது.

மறுநாள் அவர் மெல்லிய பிரஷ்ஷைக் காவிப் பெயின்ட்டில் தோய்த்து, அதே விலாவில் புள்ளி புள்ளியாகத் துரு வரைய ஆரம்பித்தார். ஓடி உழைத்த ரயில் மாதிரித் தெரிய வேண்டுமாம். மூன்று நாள் வேலை.

"அண்ணே, அதே இடந்தானே?" என்றது பெட்டி.

"அதே இடந்தான்."

பார்க்க வந்த நண்பர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "நிஜத் துரு தோத்துது போங்க!" என்றார். ஞானமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஐப்பசியில், வரைந்த துருவுக்கு அடியிலிருந்து நிஜத் துரு கிளம்பியது. "நாளாக ஆக இன்னும் இயற்கையா வருது பாருங்க. என் கலவை அப்படி" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார் ஞானமுத்து.

பெட்டி ஏதோ சொல்ல வாய் திறந்தது.

"சும்மா இரு தம்பி" என்றது என்ஜின். "அவர் போட்டதாவே இருக்கட்டும்."