முழங்கை வைக்க ஓரிடம்

தம்பி முதலாவதாக வந்துகொண்டிருக்கிறான். அண்ணன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

உட்துறைமுக வீதி முழுக்க எழும்பி நின்று கத்தியது. வெயிலுக்குப் பயந்து மர நிழலில் ஒதுங்கியிருந்த கிழடுகட்டைகள்கூட எழும்பிவிட்டன. அருளம்பலம் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மைக்கில் நின்ற காசிநாதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலையூற்று விளையாட்டுக் கழகத்தின் தலைவர் அவர். நாலு வருஷமாகக் கிண்ணியாக்காரர் தூக்கிக்கொண்டு போன சைக்கிளோட்டக் கோப்பை. இந்த வருஷமும் போனால் தலைவர் பதவியே வேண்டாம் என்று வாயை வேறு விட்டிருந்தார்.

கிண்ணியா சுஹைரின் சைக்கிளில் கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய ஹாண்டில். இரண்டு கம்பிகள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் முழங்கையை வைத்து முதுகைத் தாழ்த்திப் படுத்துவிட்டால் காற்று மறிக்காது. அதை வெல்ல ஆருமில்லை என்றுதான் காசிநாதர் நினைத்திருந்தார்.

காலையில் பார்த்தால், அருளம்பலத்தின் தம்பி சிவகுருவின் சைக்கிளிலும் அப்படி ஒன்று!

"எங்கையடா எடுத்தனீ? ஒரு முழக் குழாய் கொண்டுவரவே சென்றிச் சாவடியில ஆமி விடமாட்டானே!"

"அண்ணர்தான் ஒழுங்குபடுத்தினவர், ஐயா. சுஹைரும் தன்ர ஹாண்டிலை அளவெடுக்க விட்டவன். முதல்ல உயரமாப் பூட்டி ஓடிப் பாத்தம். நெஞ்சில காத்து அடிச்சுது. பிறகு ரெண்டு அங்குலம் பதிச்சுப் பூட்டினம்."

காசிநாதர் தடவிப் பார்த்தார். அலுமினியக் குழாய். முன்னால் றப்பர் பிடி. பின்னால் முழங்கை வைக்க வளைந்த தட்டு.

"இந்த ஓட்டையள் என்னத்துக்கு?"

"கை நீளத்துக்கு ஏத்தமாதிரி கூட்டிக் குறைக்கலாம், ஐயா."

கெட்டிக்காரப் பயல்கள் என்று அவருக்கு அப்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இப்போது சிவகுரு முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டான். இரண்டாவதாக வந்த சுஹைர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். வேற்றூர்ப் பொடியனுக்கு இருக்கிற மனசு கூடப்பிறந்தவனுக்கு இல்லையே!

கண்ணிவெடியில் ஒரு கால் போகும்வரை அருளம்பலத்தை முந்த இந்த வீதியில் ஆளிருக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். அதற்காக? போன கிழமை ஊன்றுகோலோடு மார்க்கற்றுக்கு வந்து மீன்காரனிடம் பேரம் பேசினவன்தானே!

காசிநாதர் நேரே கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"உன்ர தம்பியடா அவன்! உன்ர காலம் முடிஞ்சுது எண்டு வயிறு எரியுதோ? எழும்பி நிண்டு ஒருக்காக் கை தட்டினால் என்ன குறைஞ்சுபோவாய்?"

கையிலிருந்த மைக்கை அவர் அணைக்கவில்லை. வீதி முழுக்கக் கேட்டது. கூச்சல் அடங்கிவிட்டது.

அருளம்பலத்தின் கண் நிறைந்திருந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எழும்ப ஏலாது, ஐயா. என்ர ஊண்டுகோல் ரெண்டையும் வெட்டித்தானே அவன்ர சைக்கிளில பூட்டினனாங்கள்."

காசிநாதர் திரும்பிப் பார்த்தார். றப்பர் பிடி, வளைந்த தட்டு, வரிசையாக ஓட்டைகள். மைக்கைக் கீழே வைத்தார். அருளம்பலம் அவர் தோளை எட்டிப் பிடித்தான்.

"ஒருக்காத் தூக்கி விடுங்கோ, ஐயா. கால் போனபிறகு இண்டைக்குத்தான் நான் முதலாவதா வந்திருக்கிறன்."